தங்கமான மனுசர்

"கழுத்து வீக்கம் கொறையவே இல்ல சார். ஒரே அசதியா இருக்கு. மாத்திரை பத்தல போல," என்றாள் சூர்யகலா.

போடி அரசு ஆஸ்பத்திரி டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒடம்பு போட்டுருக்கு. தெனம் நட, சரியாயிரும்."

"ஏலத்தோட்டத்துல தெனம் மலையேறித்தான் காயெடுக்குறேன் சார். தைராய்டு டெஸ்ட்டு மறுபடி எடுத்துப் பாத்தா..."

"எனக்கே நீ சொல்லித் தர்றியா? அடுத்த ஆள வரச் சொல்லு."

வெளியே ஜீப்பில் காத்திருந்த கணவன் ஈஸ்வருக்கு, அவள் சொன்னதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. "இந்தாளு வேணாம் கலா. தேவாரத்துல சாயங்காலம் ஒருத்தரு பாக்குறாராம். ஃபீஸு சாஸ்தி, ஆனா தங்கமான மனுசராம்."

மாலையில் தேவாரத்து டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் சூர்யகலா வாசலோடு நின்றுவிட்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து ஈஸ்வரே எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் எழுந்து வந்து அவள் கழுத்தைப் பதமாகத் தொட்டுப் பார்த்தார்.

"டெஸ்ட் எடுத்தே ஆகணும்மா. இத்தன நாளா இப்படி அசட்டையா விட்டது எந்த டாக்டர்?"

"சொல்லு கலா," என்றான் ஈஸ்வர்.

காலையில் போடியில் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காத அதே மனுசர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பரிவோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு தெரியல சார்," என்றாள்.