இரவல் பாட்டு

கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், மேடை ஓரத்தில் இருந்த வயலின் நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டுச் சிரித்தது.

"நாலு உருப்படியில மூணு இரவல். எங்க அலமாரியில கிடந்த ஏதோ ஒரு பாட்டுகூட இருக்கு. உனக்குன்னு சொந்தமா எதுவும் கிடையாதா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு அண்ணே," என்றது சாக்ஸபோன். "நான் லேட்டாப் பிறந்தவன். பழைய மேதைகள்லாம் எனக்குப் பாட்டு எழுதாமலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. நாலு பேர்கிட்ட கேட்டு வாங்கித்தான் வாசிக்கணும்."

"வாங்கினதை ஊதிக் கெடுத்துடாதே."

சாக்ஸபோன் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டது. வயலினின் பாட்டில் வில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். ஊதுகிறவனுக்கு மூச்சு வாங்க இடமே இல்லை. அந்த இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே அதற்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

மேடையில் மூன்று உருப்படிகள் நன்றாகவே போயின. நான்காவதை சாக்ஸபோன் மெல்ல எடுத்தது. பியானோ அடக்கமாகப் பின்னால் வந்தது. மூச்சு வாங்கிய இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி சுரம் அடங்கியதும் சபையில் மொத்தப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதையே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வயலின் பியானோவின் பக்கம் சாய்ந்தது.

"இது யாரோட பாட்டு? கேட்டா எனக்கும் கொடுப்பாங்களா?"

"உன்னோடதுதான்," என்றது பியானோ. "ரொம்ப மெதுவா இருக்குன்னு நீதான் அலமாரியில தூக்கிப் போட்டே."