பிறை தேடிய மாலை

நிலாவின் முகமெங்கும் மூன்று வல்லரசுகளின் விளக்குகள் எரிவதால், பிறை தனியாகத் தெரிவதில்லை. நோன்பு முடியும் மாலையில் மட்டும் பத்து நிமிடம் அணைக்கச் சொல்லி, அங்கே இடமில்லாத நாடுகள் மனுப் போடும். இந்த வருடம் இரண்டு நாடுகள் அணைத்தன. மூன்றாவது மறுத்துவிட்டது.

காயல்பட்டினத்தில் மொட்டைமாடியில் நின்று மைமூன் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல அந்த மூன்றாவது நாட்டின் வெளிச்சமும் அவிந்தது. கத்தரிப்பூ நிற வானத்தில் பாலாடைக் கீற்றுப்போலப் பிறை மிதந்தது.

கைப்பேசியில் மகன் நூஹு அழைத்தான். நிலாவில், அந்த மூன்றாவது நாட்டிடம் விளக்குப் பராமரிப்பு வேலை அவனுக்கு.

"பிறை தெரியுதா உம்மா?"

"தெரியுது வாப்பா. அவங்க மனசு மாறிட்டாங்களா?"

"மாறல. சுவிட்சுகிட்ட நான்தான் நின்னேன். எனக்கும் வட்டிலப்பம் எடுத்து வைங்க. என்னை வேலைய விட்டு ஊருக்கு அனுப்பிருவாங்க."