கேலெபின் காசு

"பீப்பாயில பியர் நிறைய இருக்கா, ஓட்டிஸ்?"

மதியம் மூன்று மணிக்கு டார்லீன் வந்து இப்படிக் கேட்டதும் மதுக்கடைக்கார ஓட்டிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளோடு ஒரே பள்ளியில் படித்தவன் அவன். அவள் ஒரு சொட்டுகூடத் தொட மாட்டாள் என்பது கரோலினாவின் அந்தப் பட்டாள ஊருக்கே தெரியும்.

"இருக்கு. உனக்கு எதுக்கு அது?"

"இருக்குல்ல, போதும்."

பாவம், பிள்ளை போன துக்கம் இவளையும் குடிக்க வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அவள் மகன் கேலெப் இறந்து நாலு மாதம். பாலைவனப் பாதையில் வண்டி கவிழ்ந்து, பக்கத்தில் யாருமில்லாமல் தனியாகச் செத்தான் என்று ராணுவம் கடிதம் அனுப்பியிருந்தது. அவள் நம்பவில்லை. கேலெபின் குழுவில் இருந்த மற்ற ஏழு பேர் வீட்டுப் படியும் ஏறினாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினார்கள்.

அந்த ஏழு பேரும் இப்போது மூலை மேசையில்தான் இருந்தார்கள். கூடவே அவர்களுடைய மேலதிகாரி கேப்டன் ஸ்ட்ரௌடும். டார்லீன் நேரே போய், மேசையில் ஒரு காசை ஓங்கி அறைந்தாள்.

மகனின் சவப்பெட்டியோடு வந்த காசு அது. செலவுக்கான காசு இல்லை; குழுவின் எட்டுப் பேருக்கும் அடையாளமாக ஒரே அச்சில் அடித்தது. ஒருவர் இப்படி அறைந்தால் மற்றவர்களும் தங்கள் காசை எடுத்து வைத்தாக வேண்டும். வைக்க முடியாதவன் எல்லாருக்கும் குடி வாங்கித் தரணும். அத்தனை பேரும் வைத்துவிட்டால் சவால் விட்டவர் வாங்கித் தரணும். அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த விதி.

"ஓசிக் குடிக்கு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்காங்க" என்று பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான்.

கேப்டன் எழுந்தார். "அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. வீட்டுக்குப் போங்க. உங்க பையன் செத்ததைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"உங்க உத்தரவை நீங்களே வெச்சுக்கோங்க. நான் யாரையும் பேசச் சொல்லலை." அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. "என் புள்ள சாகும்போது அவன் பக்கத்துல இருந்தவங்களுக்கு மட்டும்தான் இந்தச் சவால். இல்லாதவங்க பேசாம குடிச்சுக்கிட்டிருங்க."

ஒரு காசும் மேசைக்கு வரவில்லை. ஓட்டிஸுக்கு மனசு கேட்கவில்லை. ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "வா டார்லீன். இத்தனை பேர் முன்னாடி உனக்கு எதுக்கு இந்த அவமானம்?"

"கையை விடு."

சார்ஜெண்ட் ஹோல்கம் கேப்டனைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு காசை எடுத்துக் கேலெபின் காசுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஹோல்கம், எடு அதை. இது உத்தரவை மீறுற வேலை."

"நான் வாயே திறக்கலையே, சார்."

அடுத்தவன் வைத்தான். அதற்கடுத்தவனும் வைத்தான். கடைசியாக இருந்தவன், இருபது வயது இருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே வைத்தான். கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். மரியாதைக்குக்கூட யாரும் எழுந்து நிற்கவில்லை.

டார்லீன் அவர்கள் வைத்த காசுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழு. அடக்கத்தன்று கூட அழாதவள் இப்போது தேம்பித் தேம்பி அழுதாள். ஓட்டிஸ் ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் தோத்துட்டேன், ஓட்டிஸ். எல்லாருக்கும் ஊத்து."