மாவு மாத்திரை

மாவு தின்ற பெண்களுக்கு ரத்தம் ஊறிவிட்டது.

டாக்டர் பாகீரதி மறுபடியும் மறுபடியும் சோதித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஏறித்தான் இருந்தது.

"சுவக்கீன், நிஜத்தைச் சொல்லுங்கோ. வெள்ளை மாத்திரையில என்ன போட்டேள்?"

"நீங்க சொன்னதுதான் டாக்டரம்மா. மாவும் சர்க்கரையும்." கம்பவுண்டர் சுவக்கீன் தலையைச் சொறிந்தார். "இதுலயே ரத்தம் ஊறும்னா சொல்லுங்க, எம் பெஞ்சாதிக்கும் நாலு உருட்டிக் குடுக்கேன். எந்நேரமும் கெறக்கமா வருதுங்கா."

"வாயை மூடுங்கோ!"

பாவம், கோபம் வராமல் என்ன செய்யும்? கல்பாத்தியிலிருந்து டாக்டருக்குப் படித்த பெண். வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் முதல் ஆராய்ச்சி. கொழுந்து கிள்ளும் பெண்கள் எல்லாருக்கும் சோகை. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அதாவது லயங்கள், மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. மேல் லயத்துப் பெண்களுக்கு இரும்புச் சத்துள்ள சிவப்பு மாத்திரை, கீழ் லயத்துப் பெண்களுக்கு வெறும் மாவில் செய்த வெள்ளை மாத்திரை. வாரா வாரம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எதில் என்ன இருக்கிறது என்று பெண்களிடம் மூச்சு விடவில்லை. மேல் லயத்தில் மட்டும் ரத்தம் ஏறினால் ஆராய்ச்சி ஜெயம்.

தலைப்பு மட்டும் பிரமாதம்: 'ஏழைத் தொழிலாளருக்குச் சமமான ஆரோக்கியம்.'

இப்போது பார்த்தால், இரண்டு லயத்திலும் சொல்லி வைத்தாற்போல ஒரே அளவு ஏறியிருக்கிறது!

எஸ்டேட் ஆபீஸ் போனில் புரொபசரைப் பிடித்தாள். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற கிளார்க்குக்கே கேட்டது.

"மாவு தின்னா ரத்தம் ஊறும்னு எழுதிக்கொண்டு வந்தால் உன்னைக் குதிரைவட்டம் பைத்தியாஸ்பத்திரியில்தான் சேர்ப்பார்கள். திங்கட்கிழமைக்குள் காரணம் கண்டுபிடி. இல்லாவிட்டால் ஆராய்ச்சியை மறந்துவிடு."

டொக்கென்று போனை வைத்துவிட்டார்.

பாகீரதிக்குச் சோறு இறங்கவில்லை. கீழ் லயத்தில் வீடு வீடாக நுழைந்தாள். பானைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். கஞ்சியைக் கிளறினாள். கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அங்கே பூமாரி என்பவளின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைக்கூட விடவில்லை, நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

"டாக்டரம்மாவுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு, பாவம்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

இனிப் பார்க்க மீதி இருந்தது, மலையில் வேலைக்கு நடுவே அவர்கள் குடிக்கும் பால் விடாத கட்டஞ்சாயா ஒன்றுதான். அதையும் பார்த்துவிடுவோம் என்று மூச்சு வாங்க மலையேறினாள்.

மேலே இரண்டு லயத்துப் பெண்களும் கூடைகளை இறக்கிவிட்டு ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கீழ் லயத்துப் பூமாரி. கையில் பாக்குவெட்டி. ஒரு சிவப்பு மாத்திரையை வைத்து நறுக்கென்று வெட்டினாள். அடுத்து ஒரு வெள்ளை மாத்திரை. அதுவும் நறுக்.

சிவப்பில் பாதி, வெள்ளையில் பாதி மேல் லயத்துச் சின்னத்தாய்க்கு. மீதிப் பாதிகள் பூமாரியின் வாய்க்குள் போயின.

"அடிப்பாவிகளா! என்ன பண்ணிண்டிருக்கேள்?"

சின்னத்தாய் பயந்துபோய்ச் சாயாவைக் கொட்டிவிட்டாள். பூமாரி மட்டும் அசையவில்லை.

"பங்கு போடுதோம் டாக்டரம்மா. மொத வாரத்துலருந்தே இப்பிடித்தான். கெடா வெட்டுனா ரெண்டு லயத்துக்கும் ஒரே பங்குதான? மாத்திரைக்கு மட்டும் என்ன தனி நாயம்?"

"என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேளே! என் ஆராய்ச்சியே போச்சு! மேல் லயத்துக்காரா மாத்திரை மேல உங்களுக்கு அப்படி என்ன ஆசை? கொடுத்ததைத் தின்னுட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?"

"ஆசையா?"

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"அந்தக் கருமத்து மேல யாருக்கு ஆசை?" என்றாள் பூமாரி. "ஒரே துரு நாத்தம். தின்னா வயித்தக் கடுக்குது. வெளிக்கிருந்தா கரியாப் போகுது. சாகப்போறோம்னு இவளுக ஒப்பாரியே வச்சுட்டாளுக. எங்களுக்குக் குடுத்தீகளே வெள்ளை, அதான் ஒசத்தி மருந்து! கல்கண்டு கணக்கா இனிக்குது, ஒரு உபத்திரவம் கெடையாது."

பாகீரதி அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"அப்போ... அந்த ஒசத்தி மருந்தை நீங்களே வெச்சுக்காம ஏன் பங்கு போட்டேள்?"

"நல்லா கேட்டீக போங்க! நல்லத நாங்க முழுங்கிட்டு, இவளுக கெட்டதத் தின்னு சாகட்டும்னு பாத்துட்டு இருக்க முடியுமா? அதான் நல்லதுல பாதிய இவளுகளுக்குக் குடுத்தோம், கெட்டதுல பாதிய நாங்க வாங்கித் தின்னோம்."

பாகீரதி தேயிலைச் செடிகளுக்கு நடுவே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் கொட்டியது. திங்கட்கிழமையும் புரொபசரும் எங்கோ போய்விட்டார்கள்.

பூமாரி பதறிப்போய் ஓடி வந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீக தாயி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஏதோ அவசரத்துல மாத்திக் குடுத்திருப்பீக. ஒரு லயத்துக்கு நல்ல மருந்து, ஒரு லயத்துக்கு ஆகாத மருந்துன்னு தெரிஞ்சே குடுக்கதுக்கு நீங்க என்ன மனசாட்சி இல்லாத ஆளா?"