பேரு மாறிடுச்சு

பாயா ரும்புட்டில் ஹனீஃப் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் கரண்ட் போய் வந்தது. சர்வர் மீண்டும் ஓடத் தொடங்கியதும், பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டிய உதவியாளர் ஷெர்லீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், பிறகு கட்டளையை அடித்தேவிட்டாள்.

ஹனீஃப் உள்ளே நுழைந்ததும் ஓடி வந்தாள்.

“அண்ணே, மோசம் போச்சு! ஜேம்ஸ் கல்யாண வீடியோ அழிஞ்சிடுச்சு.”

“ஐயோ, வேற காப்பியே இல்லையே! அது ‘ஏ’ டிஸ்க். உன்னை ‘பி’யத்தானே அழிக்கச் சொன்னேன்?”

“‘பி’ன்னுதாண்ணே அடிச்சேன். ரீபூட் ஆனா எந்த டிஸ்க் முந்தி முழிக்குதோ அதுக்குத்தான் ‘ஏ’ன்னு பேரு வரும்னு நீங்கதானே சொன்னீங்க? பேரு மாறிடுச்சுலா!”

ஹனீஃப் அவளையே பார்த்தார்.

“நேத்து நீ லீவும்மா. அந்தத் தொல்லை வேணாம்னுதான் ஒவ்வொரு டிஸ்க்கோட பேரையும் அதோட சீரியல் நம்பரோட கட்டிப்போட்டுட்டேன். இனி எத்தனை தடவை ரீபூட் ஆனாலும் மாறாது. நீ ‘ஏ’ன்னு அடிச்சாத்தான் அது அழியும்.”

ஷெர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாதா கோயிலில் ஜேம்ஸின் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல் ஞாயிறு வாசித்தபோது, மணப்பெண் என்று ஒலித்தது அவள் பெயர்தான். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் இடத்தில் வேறொரு பெயர் இருந்தது.