ஐந்தாவது பெயர்

ஊர் வரலாற்றுப் புத்தகத்தின்படி, பழைய பெருவெள்ளத்தில் போனவர்கள் பதினொரு பேர். நகராட்சி வைக்கப்போகும் நினைவுக்கல்லுக்காக அந்தப் பட்டியலை இணைய வாசகர் குழுவில் போட்டாள் தையல்காரி. ஐந்தாவது பெயர் அவளுடைய அக்கா; உடல் கிடைக்கவே இல்லை.

தெரியாத எண்ணிலிருந்து பதில் வந்தது. "பத்துப் பேர்தான். அஞ்சாவது பேரை எடுத்துடுடி."

"யாருங்க நீங்க? ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் குழுவை நடத்தும் வாத்தியார்.

"அடுப்புல பாலை வச்சுட்டு ஃபோனை நோண்டுறா சார் இவ. நான்தான் இறக்கி வச்சேன்."

வீட்டில் தையல்காரி ஒருத்திதான். எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. பால் இரண்டு தம்ளர்களில் ஆற்றி வைக்கப்பட்டிருந்தது; ஒன்றில் பாதிதான் மீதி.

திரும்பி வந்து ஐந்தாவது பெயரை நீக்கினாள்.

"ஆதாரம் பார்த்தாச்சு சார்," என்று குழுவில் எழுதினாள்.