உறைமேல் காபி

“சார், பிரபஞ்சம் விரியுற வேகத்துக்கும் கேலக்ஸிகள் கொத்துக்கொத்தா சேர்ந்திருக்கிற அளவுக்கும் பொருந்தவே இல்ல. பாடப்புத்தகக் கோட்பாடு இடிக்குது” என்றாள் ஆராய்ச்சி செய்யும் பெண்.

இயக்குநர் தலை நிமிராமல், எதையும் படிக்காமல், கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அவளுடைய வேலை நீட்டிப்புத் தாளும் அந்தக் குவியலில்தான் இருந்தது. நிறுவனத்தின் தரவுப் பிரிவு தரவுகளோடு அனுப்பிய, ‘முடிவு கிடைத்த பிறகே திறக்கவும்’ என்று எழுதிய உறையின் மேல் அவருடைய காபிக் கோப்பை.

“இடிக்கிறது உன் கணக்கும்மா. நீ வந்து பிரபஞ்சத்தையே மாத்திடுவியா? அந்த ஓரத்து கேலக்ஸிகளைத் தூக்கு. தூசி மறைக்குது.”

தூக்கினாள். அப்போதும் இடித்தது.

“பிழைக்கு விடுற இடத்தைக் கொஞ்சம் தாராளமா வை. இதையும் நானே சொல்லித் தரணுமா?”

வைத்தாள். இன்னும் இன்னும் தாராளமாக்கி, ஆறாவது தடவை புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்தன.

“பாத்தியா! வானம் பொய் சொல்லாது. உன்ன மாதிரி ஆளுங்கதான் சொதப்புறீங்க. சரி, அந்த உறையைப் பிரிச்சுப் படி.”

கோப்பையை நகர்த்திவிட்டு, அவள் பிரித்து வாசித்தாள்.

“‘நீங்கள் ஆராய்ந்தது நிஜ வானம் அல்ல. கோட்பாட்டோடு பொருந்தக் கூடாதென்றே கணினியில் செய்த போலி வானம். பொருந்துகிறது என்று சொல்பவர் எவரையும் நிஜத் தரவின் பக்கமே விடக் கூடாது.’”

“எந்த மடையன் போட்ட உத்தரவு இது?”

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அடியில், காபி ஊறிய வட்டத்துக்குள், அவருடைய கையெழுத்து.